இரவில் இறங்கும் கலப்பை

சென்ற கோடை விடுமுறையில் உத்திரமேரூரை அடுத்த எங்கள் சிற்றூருக்குப் போயிருந்தேன். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, டிராக்டர் வைத்திருக்கிறார். ஒரு மாலை உழவை முடித்து வந்தவர், பின்னால் மாட்டிய ஒன்பது கலப்பையைத் தூக்கிய நிலையிலேயே விட்டு, எஞ்சினை நிறுத்தி, வேப்ப மரத்தடியில் வண்டியை நிற்க வைத்தார். அவருடைய மகன் பத்தாம் வகுப்பு முடித்தவன். கொழு ஒன்றின் போல்ட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிக் கலப்பையின் அடியில் மல்லாந்து படுத்து அதை முடுக்கினான். வேலை முடிந்ததும், எரு அள்ளும் மூங்கில் கூடையை அங்கேயே மறந்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

மறுநாள் வெயில் ஏறியபின் போய்ப் பார்த்தோம். தூக்கி வைத்த கலப்பை தரையில் கிடந்தது. கூடை அப்பளமாக நசுங்கியிருந்தது. வண்டியை யாரும் தொடவில்லை. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் கூட இல்லை.

"இது ரொம்ப நாளா இப்படித்தான் தம்பி. ராத்திரி தூக்கி வெச்சா காலையில கீழ கெடக்கும். எஞ்சின் ஓடும்போது ஒண்ணும் தெரியாது" என்றார் அண்ணன், சாதாரணமாக. பையன் மட்டும் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றான். முந்திய மாலை அந்த இடத்தில் அவன் மார்பு இருந்தது.

முந்நூறு கிலோ இரும்பை அதுவரை தூக்கிப் பிடித்திருந்தது எது? இரவில் அதை இறக்கிவிட்டது எது? எண்ணெய் வெளியே வரவில்லை என்றால் எங்கே போயிற்று? இவற்றுக்கு விடை காண, பத்தாம் வகுப்புப் பௌதிகமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

எண்ணெய்த் தூண்

திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கங்களிலும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் விதி. பிரெஞ்சு நாட்டு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் இதை விளக்கி எழுதிய நூல், அவர் மறைந்த மறு ஆண்டு, 1663-இல் வெளிவந்தது. சிறிய பிஸ்டனில் கொடுத்த சிறு விசை, பெரிய பிஸ்டனில் பெருவிசையாகும் என்பதை அவர் அதில் சொல்லிவிட்டார். ஆனால் அந்தக் கருத்து நடைமுறை எந்திரமாக உருப்பெற 132 ஆண்டுகள் ஆயின. 1795-இல் இங்கிலாந்தில் ஜோசப் பிரமா நீர் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார்.

இந்த விதியைக் கலப்பையோடு இணைத்தவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். அந்நாளைய டிராக்டர்கள் கலப்பையைச் சங்கிலியால் இழுத்துச் சென்றன. கலப்பை பாறையிலோ வேரிலோ சிக்கினால், வண்டியின் முன்பக்கம் மேலெழும்பிப் பின்னோக்கிக் கவிழ்ந்து, ஓட்டுநர் அடியில் மாட்டி உயிரிழப்பதுண்டு. மூன்று இடங்களில் கலப்பையை வண்டியுடன் பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் அதைத் தூக்கவும் இறக்கவும் பெர்குசன் வழி கண்டார். 1936-இல் அவ்வகை டிராக்டர் விற்பனைக்கு வந்தது. 1939-இல் போர்டு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய டிராக்டர் அதை உலகெங்கும் பரப்பியது. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் மாஸி பெர்குசன் டிராக்டர்களை இங்கே கட்டியது. இன்று நம் வயல்களில் எந்த நிறுவனத்தின் டிராக்டரைப் பார்த்தாலும், பின்னால் இருக்கும் அந்த மூன்று பிணைப்புகளை நீங்கள் காணலாம்.

அதன் உள்ளே நடப்பது எளிது. எஞ்சின் ஓடும்போது பம்பு எண்ணெயை ஓர் உருளைக்குள் செலுத்துகிறது. எண்ணெய் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் ஒரு நெம்புகோலைத் தள்ள, தூக்கு கைகள் மேலெழுகின்றன. எஞ்சினை நிறுத்தியபின் பம்பும் நின்றுவிடும். அப்போது கலப்பையைத் தாங்கி நிற்பது, வால்வுகள் அடைத்து வைத்திருக்கும் எண்ணெய் மட்டுமே. எண்ணெயை அமுக்கிச் சுருக்குவது கடினம் ஆதலால் அது ஒரு தூண்போல் நிற்கிறது. ஆனால் இரும்புத் தூணுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இந்தத் தூண் ஒழுகக் கூடியது.

பத்தாயிரம் சொட்டுகள்

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கலப்பையின் எடை 300 கிலோ. உருளையின் உள்விட்டம் 8 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 50 சதுர செ.மீ. ஆகும். நெம்புகோல் அமைப்பால் பிஸ்டன் 1 செ.மீ. நகர்ந்தால் கலப்பை 5 செ.மீ. உயரும் என்று கொள்வோம். தூரம் ஐந்து மடங்கானால், பிஸ்டன் தாங்கும் விசையும் ஐந்து மடங்காக வேண்டும். அதாவது 1,500 கிலோ. இதைப் பரப்பால் வகுத்தால், எண்ணெயின் அழுத்தம் சதுர செண்டிமீட்டருக்கு 30 கிலோ. காற்று மண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய முப்பது மடங்கு!

கலப்பை 50 செ.மீ. இறங்க, பிஸ்டன் 10 செ.மீ. பின்வாங்க வேண்டும். அப்போது வெளியேறும் எண்ணெய் 50 × 10 = 500 கன செ.மீ., அதாவது அரை லிட்டர். ஒரு கன செண்டிமீட்டருக்கு இருபது சொட்டு என்று வைத்தால் 10,000 சொட்டு. ஐந்து வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் கசிந்தால் 50,000 வினாடியில், அதாவது 13 மணி 53 நிமிடத்தில், அத்தனையும் வெளியேறிவிடும். மாலை ஏழு மணிக்குத் தூக்கி வைத்தால் காலை ஒன்பது மணிக்குச் சற்று முன்பே கலப்பை தரையைத் தொடும்.

ஐந்து வினாடிக்கு ஒரு சொட்டு! வீட்டுக் குழாய் அப்படிச் சொட்டினால் நாம் எழுந்துபோய் மூடக்கூட மாட்டோம். ஆனால் அதே சொட்டு ஓரிரவில் முந்நூறு கிலோவைத் தரைக்குக் கொண்டுவந்துவிடுகிறது.

அந்தச் சொட்டு ஏன் வெளியே தெரியவில்லை? பெர்குசன் வகை அமைப்பில் தூக்கும் உருளை டிராக்டரின் பின்புறப் பெட்டிக்கு உள்ளேயே இருக்கிறது. பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கிறது. பம்பு அதிலிருந்துதான் எண்ணெயை எடுக்கிறது. பிஸ்டனைத் தாண்டிக் கசிந்தாலும், வால்வைத் தாண்டிக் கசிந்தாலும் எண்ணெய் அதே பெட்டிக்குள் விழுகிறது. அது தொலையவில்லை. வந்த இடத்துக்கே திரும்பிவிட்டது. அதனால்தான் வேப்ப மரத்தடி மண் காய்ந்தே இருந்தது.

முடியைவிட மெல்லிய இடுக்கு

"நல்ல வண்டியில் ஒரு சொட்டும் கசியக் கூடாதல்லவா?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் ஒரு சங்கடம் இருக்கிறது.

எண்ணெயை இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று திருப்பிவிடும் வால்வுகளில் பல, துளைக்குள் முன்னும் பின்னும் சறுக்கும் ஓர் உருளைத் தண்டால் ஆனவை. ஸ்பூல் என்று அதற்குப் பெயர். தண்டு சறுக்க வேண்டுமானால் துளைக்கும் தண்டுக்கும் நடுவே சிறிதாவது இடைவெளி வேண்டும். இடைவெளியே இல்லாவிட்டால் தண்டு இறுகிவிடும். ஆகவே இவ்வகை வால்வில் கசிவு என்பது பழுது அல்ல, அமைப்பிலேயே இருக்கிற ஒன்று. எவ்வளவு கசிகிறது என்பதுதான் கேள்வி.

திரவம் நுண்ணிய வழியில் ஓடுவதை முதலில் துல்லியமாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் மருத்துவர் என்றால் வியப்பாக இருக்கும். பிரெஞ்சு நாட்டு மருத்துவர் புவசேய், நுண்ணிய இரத்தக் குழாய்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று அறிய விரும்பினார். 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெல்லிய கண்ணாடிக் குழாய்களில் சோதனைகள் செய்து, ஓட்டம் குழாயின் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்று கண்டார். தட்டையான இடுக்குக்கும் இதுபோன்ற விதி உண்டு. அதில் ஓட்டம், இடுக்கின் அகலத்தின் மூன்றாம் படிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அழுத்தத்துக்கும் நேர்விகிதம். எண்ணெயின் பாகுநிலைக்கும் இடுக்கின் நீளத்துக்கும் எதிர்விகிதம்.

இதன் பொருளைக் கணக்கில் பாருங்கள். ஸ்பூலின் சுற்றளவு 5 செ.மீ., எண்ணெய் கடக்க வேண்டிய நீளம் 5 மி.மீ., இடைவெளி 10 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் பருமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும். மேலே கண்ட அழுத்தத்தில், மிதமான சூட்டிலுள்ள எண்ணெய் இந்த இடுக்கின் வழியே வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் கசியும். கலப்பை 2 மணி 47 நிமிடத்தில் இறங்கிவிடும்.

இடைவெளி 5 மைக்ரானாகப் பாதியானால்? கசிவு பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகும். கலப்பை இறங்க 22 மணிக்கு மேல் ஆகும். தேய்மானத்தால் 20 மைக்ரானாக இரட்டித்தால்? கசிவு எட்டு மடங்கு. கலப்பை 21 நிமிடத்தில் தரையில்! 20 மைக்ரான் என்றாலும் அது தலைமுடியின் பருமனில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அத்தனை சிறிய தேய்மானம், ஒரு நாளை அரை மணிக்குள் சுருக்கிவிடுகிறது. எண்ணெயில் கலந்த மண்ணும் இரும்புத் துகளும் உரசி உரசிச் செய்வது இந்த வேலையைத்தான். எண்ணெய் வடிகட்டியைக் காலத்தில் மாற்று என்று மெக்கானிக் வற்புறுத்துவது வீண் பேச்சல்ல.

ஏரி மதகும் சைக்கிள் பம்பும்

இடைவெளியே இல்லாமல் அடைக்க வழி இல்லையா? உண்டு. அதைக் காண உத்திரமேரூர் ஏரிக்கரைக்குப் போவோம்.

உத்திரமேரூரைப் பற்றி நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் இங்குள்ளன. அவற்றில் ஏரியைக் கவனிக்கும் ஏரி வாரியமும் குறிக்கப்படுகிறது. ஏரி அதற்கும் முந்தியது. பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயரால் வைரமேக தடாகம் என்று அழைக்கப்பட்டது.

நம் நாட்டின் பழைய ஏரிகளில் நீரைத் திறந்துவிடத் தூம்பு என்ற அமைப்பு இருந்தது. ஏரிக்குள் கிடையாகப் பதித்த கல்லில் ஒரு துளை. அந்தத் துளையில் பொருந்தும் ஓர் அடைப்பான். அதை மேலிருந்து தூக்க நெடிய கழி. அடைப்பான் துளைக்குள் சறுக்குவதில்லை, துளையின் வாயில் உட்காருகிறது. மேலே நிற்கும் நீரின் அழுத்தமே அதைத் துளையோடு அழுத்துகிறது. ஏரி நிறைய நிறைய அடைப்பு இறுகும். டிராக்டரிலும் மண் அள்ளும் எந்திரத்திலும் உள்ள ஒருவழி வால்வு இதே கருத்தில் அமைந்தது. கூம்பு வடிவ முனை ஒன்று, வட்ட இருக்கையில் உட்கார்ந்து அடைக்கிறது. எண்ணெயின் அழுத்தம் அதை மேலும் இறுக்குகிறது. ஆனால் இருக்கையில் ஒரு மண் துகள் மாட்டினால் போதும், முனை சரியாக உட்காராது. கசிவு தொடங்கிவிடும். கதவிடுக்கில் கூழாங்கல் மாட்டினாற்போலத்தான்.

சறுக்கும் பிஸ்டனுக்கு என்ன செய்வது? பிரமாவும் இந்தத் தொல்லையில்தான் மாட்டிக்கொண்டார். பிஸ்டனைச் சுற்றி இறுக்கமாகத் துணியை அடைத்தால் பிஸ்டன் நகரவில்லை. தளர்த்தினால் நீர் பீறிட்டது. அவருடைய பட்டறையில் பணிபுரிந்த ஹென்றி மாட்ஸ்லே கிண்ண வடிவத் தோல் வளையத்தால் இதைத் தீர்த்தார் என்பர். நீரின் அழுத்தம் கிண்ணத்தின் உதட்டை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். அழுத்தம் கூடினால் பிடியும் கூடும். குறைந்தால் உதடு தளர்ந்து பிஸ்டன் எளிதாக நகரும். உங்கள் சைக்கிள் பம்பைக் கழற்றிப் பாருங்கள். அந்தக் கிண்ண வாஷர் உள்ளே இருக்கும். 1970-களில் உருவாகி ஊருக்கு ஊர் நிற்கும் இந்தியா மார்க் 2 கைபம்பிலும் தோல் கிண்ண வாஷர்கள் உண்டு. இன்று எந்திரங்களில் பெரிதும் பயன்படும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் இதே தத்துவத்தில் வேலை செய்கிறது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த நீல்ஸ் கிறிஸ்டென்சன் அதற்கு 1939-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

கைபம்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறதா? சில கைபம்புகளில் காலையில் முதல் தண்ணீர் வருவதற்குள் கை ஓய்ந்துபோகும். பிறகு ஒவ்வோர் அடிக்கும் நீர் கொட்டும். இரவெல்லாம் குழாயில் நின்ற நீர், அடி வால்வின் இடுக்கு வழியே கசிந்து கீழே போய்விட்டது என்பதே காரணம். கிணற்றுப் பம்புசெட்டின் ஃபுட் வால்வு கசிந்தால், விவசாயிகள் சாணியைக் கரைத்துக் குழாயில் ஊற்றி ஓட்டுவார்கள். சாணியிலுள்ள நார், இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும். மூன்றாம் படி விதியைப் படிக்காமலேயே, இடுக்கைச் சிறிதாக்கினால் கசிவு பெரிதும் குறையும் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். டிராக்டரில் இந்த வைத்தியம் செல்லாது என்பதையும் சொல்லிவைக்கிறேன்!

பையன் எடுத்த அளவுகள்

மீண்டும் வேப்ப மரத்தடிக்கு வருவோம். நசுங்கிய கூடையைக் கண்ட பையனுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அன்று மாலையும் வண்டி உழவிலிருந்து வந்தது. கலப்பையின் பக்கத்தில் ஒரு சவுக்குக் கழியை நட்டு, அதில் அளவு நாடாவை ஒட்டினான். அடியில் போகாமல், எட்ட நின்றே அளவைக் குறித்தான். ஏழு மணிக்குக் கொழு முனை 62 செ.மீ. உயரத்தில் இருந்தது. எட்டு மணிக்கு 52. ஒன்பதுக்கு 45. பத்துக்கு 40. பிறகு தூங்கிப்போனான்.

"சித்தப்பா, எடை மாறல. ஆனா முதல் மணியில பத்து, அப்புறம் ஏழு, அப்புறம் அஞ்சு. ஏன் குறையுது?" என்று காலையில் கேட்டான். நல்ல கேள்வி.

காரணம் எண்ணெயின் சூடு. 68 என்று தரம் குறித்த ஹைட்ராலிக் எண்ணெயின் பாகுநிலை 40 பாகை செல்சியஸில் 68 சென்டிஸ்டோக். 100 பாகையில் அது ஏறத்தாழ எட்டரையாகக் குறைந்துவிடும். எட்டில் ஒரு பங்கு! சூடான எண்ணெய் நீர்போல் இளகி இடுக்கில் விரைந்து ஓடுகிறது. இரவு ஏற ஏற எண்ணெய் ஆறி, கெட்டித்து, மெல்லக் கசிகிறது. இளஞ்சூட்டு வெல்லப்பாகும் ஆறிய வெல்லப்பாகும் கரண்டியிலிருந்து விழுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோலத்தான்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. எண்ணெய் ஆறும்போது சுருங்கவும் செய்யும். ஒரு பாகை குறைந்தால் கன அளவில் பத்தாயிரத்தில் ஏழு பங்கு அளவுக்குச் சுருங்கும். 500 கன செ.மீ. எண்ணெய் 40 பாகை ஆறினால் 14 கன செ.மீ. குறையும். பிஸ்டன் 2.8 மி.மீ. இறங்க, கலப்பை 1.4 செ.மீ. இறங்கும். ஆக, துளியும் கசியாத வண்டியில்கூடத் தூக்கிய கலப்பை சற்றே இறங்கத்தான் செய்யும். அதைக் கண்டு பழுது என்று பெட்டியைப் பிரிக்கக் கூடாது. ஆறியபின்னும் தொடர்ந்து இறங்குகிறதா என்பதே சரியான சோதனை. எங்கள் வண்டி தொடர்ந்து இறங்கியது.

"எஞ்சின் ஓடும்போது ஒண்ணும் தெரியாது" என்றாரே அண்ணன், அதையும் சோதித்தோம். எஞ்சினை ஓடவிட்டுக் கூர்ந்து பார்த்தபோது, தூக்கு கைகள் சிறிது தாழ்வதும் உடனே வெடுக்கென்று எழுவதுமாக இருந்தன. யாரோ தலையாட்டுவது போல! கைகள் தாழ்ந்ததை உணரும் இணைப்பு ஒன்று உள்ளே இருக்கிறது. அது வால்வைத் திறக்க, பம்பு எண்ணெயைச் செலுத்திக் கைகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறது. கசிவு இருக்கிறது. பம்பு அதை ஈடுகட்டி மறைக்கிறது. நாடி பிடிப்பது போல் நிமிடத்துக்கு எத்தனை முறை தலையாட்டுகிறது என்று எண்ணினால், கசிவின் அளவு தெரிந்துவிடும்.

மெக்கானிக் வந்து பெட்டியைத் திறந்தார். பிஸ்டனின் ரப்பர் வளையம் சூட்டில் இறுகிக் கட்டையாகி, ஓரிடத்தில் நகக்கீறல் அளவுக்கு வெட்டுப்பட்டிருந்தது. வளையத்தை மாற்றிய அன்றிரவு, முதல் மணியில் சற்றே தாழ்ந்த கலப்பை, பிறகு காலைவரை அதிகம் அசையவில்லை.

ஒரு புதிர்

முன்புறம் வாளி பொருத்தி, ஏரி வண்டலை அள்ளும் எந்திரங்களைக் கோடையில் பார்த்திருப்பீர்கள். அவற்றின் உருளை இருபக்கமும் எண்ணெய் கொண்டது. ஒரு பக்கம் பிஸ்டனின் முழுப் பரப்பு, மறுபக்கம் தண்டு போக மிச்சமுள்ள பரப்பு. தூக்கிய வாளியின் எடை தண்டை உள்ளே தள்ளுகிறது. இப்போது புதிர்: இரு பக்கத் துளைகளும் முற்றிலும் அடைபட்டிருக்கின்றன. இரு பக்கமும் காற்றின்றி எண்ணெய் நிரம்பியிருக்கிறது. பிஸ்டனின் சீல் முழுதும் போய்விட்டது. வாளி இறங்குமா?

"எண்ணெய் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்பக்கம் போகும், வாளி இறங்கும்" என்றுதான் பெரும்பாலோர் சொல்வர். ஆனால் சிந்தித்துப் பாருங்கள். தண்டு உள்ளே நுழைய நுழைய, உருளைக்குள் தண்டு அடைக்கும் இடம் கூடும். எண்ணெய்க்கான மொத்த இடம் குறையும். எண்ணெய் வெளியேற வழி இல்லை. அமுக்கவும் முடியாது. ஆகவே வாளி ஒரு சிறிது தாழ்ந்து நின்றுவிடும்!

அப்போது எடையைத் தாங்குவது எது? இரு பக்கமும் ஒரே அழுத்தமாகிவிட்டதால், தண்டின் குறுக்குப் பரப்பு மட்டுமே தாங்குகிறது. உருளை 8 செ.மீ., தண்டு 4 செ.மீ. விட்டம் எனில் தண்டின் பரப்பு பிஸ்டனின் பரப்பில் நான்கில் ஒரு பங்கு. 1,000 கிலோவைத் தாங்கச் சதுர செண்டிமீட்டருக்கு 20 கிலோவாக இருந்த அழுத்தம் 80 கிலோவாகிவிடும். நாலு மடங்கு அழுத்தத்தில் வால்வின் இடுக்கும் நாலு மடங்கு கசியும். எனவே அத்தகைய எந்திரத்தில் வாளி தொடர்ந்து இறங்கினால், எண்ணெய் வால்வின் வழியாகவோ குழாயின் வழியாகவோ உருளையைவிட்டு வெளியேறுகிறது என்று பொருள். பிஸ்டன் சீலை மட்டும் மாற்றிவிட்டு, நோய் தீர்ந்தது என்று இருந்துவிட முடியாது. எங்கள் டிராக்டரின் உருளையோ ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் கொண்டது. பிஸ்டனைத் தாண்டியது நேரே பெட்டிக்குள் விழும். அதனால் அங்கே வளையமே குற்றவாளியாயிற்று.

நீங்களும் செய்து பாருங்கள்

இரண்டு புதிய ஊசிக்குழாய்களை, ஊசி இன்றி வாங்கிக்கொள்ளுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் இணைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் நீர் நிரப்புங்கள். ஒன்றின் தண்டின்மேல் அரைக் கிலோ எடையை வைத்து, மற்றதை அழுத்தி உயர்த்துங்கள். அழுத்திய தண்டை நகராமல் கட்டிவிட்டு, இணைப்புக் குழாயில் குண்டூசியால் ஒரு துளையிடுங்கள். சொட்டுகளை எண்ணுங்கள். எடை எவ்வளவு இறங்கியது என்று அளவுகோலால் அளந்து, நேரத்தோடு வரைபடம் வரையுங்கள். சொட்டுகளின் கன அளவும், தண்டின் பரப்பை இறங்கிய தூரத்தால் பெருக்கிய அளவும் ஒத்துவருகின்றனவா? பிறகு நீருக்குப் பதில் விளக்கெண்ணெய் ஊற்றிப் பாருங்கள். அதன் பாகுநிலை நீரைப் போல் பல நூறு மடங்கு. ஆகும் நேரத்தில் உள்ள வேறுபாட்டை நீங்களே காண்பீர்கள்.

உண்மையான டிராக்டரில் இந்தச் சோதனையைச் செய்யப் புகுமுன் மூன்று செய்திகளை மனத்தில் வையுங்கள். ஒன்று, எண்ணெய் தாங்கும் எதன் அடியிலும் போகாதீர்கள். கலப்பையானாலும், வாளியானாலும், டிப்பர் டிரெய்லரின் தூக்கிய பெட்டியானாலும் சரி. அடியில் வேலை செய்தே ஆகவேண்டுமானால், பெரியவர்கள் உறுதியான கட்டையோ இரும்புத் தாங்கியோ முட்டுக்கொடுத்த பின்னரே செய்ய வேண்டும். ஏனெனில் இதுவரை சொன்ன கசிவு மெதுவானது. குழாய் வெடித்தாலோ, யாராவது நெம்பைத் தட்டிவிட்டாலோ, அதே எடை கண் இமைக்கும் நேரத்தில் விழும். இரண்டு, ஒழுகும் குழாயைக் கையால் தடவித் தேடக் கூடாது. உயர் அழுத்தத்தில் பீறிடும் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் தாரை தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும். அட்டைத் துண்டை நீட்டித் தேட வேண்டும். அப்படி எண்ணெய் புகுந்துவிட்டால், காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூன்று, வண்டியை நிறுத்தும்போது கலப்பையைத் தரையில் இறக்கிவிட்டு நிறுத்துங்கள். தரைக்குக் கசிவு கிடையாது.

எங்கள் அண்ணன் இப்போது அப்படித்தான் நிறுத்துகிறார். வளையம் புதிதுதானே, ஏன் இறக்குகிறீர்கள் என்று கேட்டேன்.

"அது எப்ப போகும்னு அது சொல்லாது தம்பி" என்றார். நசுங்கிய கூடையை அவர் தூக்கி எறியவில்லை. டிராக்டர் கொட்டகையின் வாசலில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார்.